சம்பளத்தில் கழிக்கப்படும் பணம் எங்கே செல்கிறது?

மாத இறுதியில் கைக்கு வரும் சம்பளச் சீட்டை நம்மில் பலர் முழுமையாக வாசிப்பதில்லை. கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு, அதை மடித்து வைத்துவிடுகிறோம். அதற்கு மேலே கழிவுகள் என்ற தலைப்பின் கீழ் இடம்பெறும் இரண்டு மூன்று வரிகள் எதைக் குறிக்கின்றன, அப்பணம் யாருடைய கைக்குச் செல்கிறது, அது உரிய இடத்தைச் சென்றடைந்ததா என்பன குறித்து வினவுவோர் மிகச் சிலரே. பலருக்கு இக்கேள்விகள் ஐம்பத்தைந்து வயதில், தொழில் திணைக்களத்தின் வாசலில் நிற்கும்போதுதான் எழுகின்றன. அவ்வேளையில் சில கேள்விகளுக்கு விடை காண்பது மிகவும் கடினமாகிவிடுகிறது.

இலங்கையில் தனியார் துறையிலும், ஓய்வூதிய உரித்தற்ற அரச கூட்டுத்தாபனங்களிலும் பணியாற்றும் ஒருவரின் சம்பளத்திலிருந்து சட்டப்படி கழிக்கப்படும் பிரதான தொகைகள் இரண்டு. ஒன்று ஊழியர் சேமலாப நிதியத்துக்கான பங்களிப்பு. மற்றையது வருமான வரி. முன்னையது தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு. பின்னையது அரச இறைசேரிக்கு உரியது. இரண்டையும் கழித்து அனுப்பும் பொறுப்பு தொழில்வழங்குநரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. எனவே கழிக்கப்பட்ட நாளுக்கும் அனுப்பப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அப்பணம் பிறர் கையில் இருக்கிறது என்பதை முதலில் மனதிற் கொள்ள வேண்டும்.

சேமலாப நிதியம்

ஊழியர் சேமலாப நிதியம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமராகவும், ரி.பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராகவும் இருந்த காலம் அது. அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் இருந்தது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கடையிலும் உழைத்தோரில் மிகப் பெரும்பாலானோருக்கு முதுமைக்கென எதுவும் இருக்கவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்வதே சட்டத்தின் நோக்கம். ஆரம்பத்தில் தொழிலாளி 4 சதவீதமும் தொழில்வழங்குநர் 6 சதவீதமும் செலுத்தினர். பின்னர் அது உயர்த்தப்பட்டு, இன்று தொழிலாளியின் பங்கு 8 சதவீதமாகவும் தொழில்வழங்குநரின் பங்கு 12 சதவீதமாகவும் உள்ளது.

இதற்கு மேலதிகமாக, 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. இதற்குரிய 3 சதவீதத்தைத் தொழில்வழங்குநர் மட்டுமே செலுத்த வேண்டும். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு சதமேனும் கழிக்கலாகாது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். மாதம் 60,000 ரூபா சம்பளம் பெறும் கடை ஊழியர் ஒருவரிடமிருந்து கழிக்கப்படுவது 4,800 ரூபா. அவர் கைக்கு வருவது 55,200 ரூபா. தொழில்வழங்குநர் தம் பங்காக 7,200 ரூபாவைச் சேர்த்து, மொத்தம் 12,000 ரூபாவை சேமலாப நிதியத்துக்கு அனுப்ப வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு 1,800 ரூபா தனியாகச் செல்ல வேண்டும். ஆக, அந்த ஊழியரின் பெயரில் மாதந்தோறும் 13,800 ரூபா சேர வேண்டும். சம்பளச் சீட்டில் கழிவாகத் தெரிவது 4,800 ரூபா மட்டுமே என்பதால், எஞ்சிய 9,000 ரூபாவும் தமக்குரியதே என்பதைப் பலர் உணர்வதில்லை. தொழில்வழங்குநரின் பங்கு அவர் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையன்று. அது உழைப்புக்கான ஊதியத்தின் ஒரு பகுதி. பிற்காலத்துக்கெனத் தள்ளி வைக்கப்பட்ட பகுதி.

யாருக்கு உரித்து?

இவ்விடயத்தில் தவறான எண்ணங்கள் பல நிலவுகின்றன. ஒரேயொரு ஊழியர் வேலை செய்தாலும் சட்டம் பொருந்தும். நிரந்தரமானவர், தற்காலிகமானவர், அமைய ஊழியர், ஒப்பந்த அடிப்படையில் உள்ளவர், துண்டு வேலைக்குக் கூலி பெறுபவர் என்ற பேதம் இல்லை. பயிற்சிக் காலம் முடிந்த பின்னரே சேமலாப நிதி என்று கூறுவது சட்டத்துக்கு முரணானது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரித்து ஆரம்பமாகிறது.

விதிவிலக்குகள் சிலவே. வீட்டுப் பணியாளர், குடும்ப அங்கத்தவர் மட்டுமே வேலை செய்யும் தொழிலகங்கள், பத்துப் பேருக்குக் குறைவானோரை வைத்திருக்கும் அறநிலையங்களும் வழிபாட்டுத் தலங்களும் இவற்றுள் அடங்கும். ஆகவே பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ சம்பளத்துக்குப் பணிபுரியும் கோயில் தர்மகர்த்தா சபையும் பள்ளிவாசல் நிர்வாக சபையும் இவ்விதிவிலக்கைக் காட்டித் தப்பிக்கொள்ள முடியாது.

"சேமலாப நிதி வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையிலே தந்துவிடுகிறேன்" என்ற வாய்மொழி உடன்படிக்கை நமது நகரங்களின் கடைத்தெருக்களில் சர்வசாதாரணமானது. சில சந்தர்ப்பங்களில் ஊழியரே இதைக் கேட்டுப் பெறுவதும் உண்டு. ஆனால் இத்தகைய உடன்பாடு சட்டத்தின் முன் செல்லாது. பல வருடங்களின் பின் அந்த ஊழியர் முறைப்பாடு செய்தால், இரு பங்குகளையும் மிகைக்கட்டணத்தையும் செலுத்த வேண்டிய நிலை தொழில்வழங்குநருக்கே ஏற்படும். சிறு வர்த்தகர்கள் இதை நன்கு சிந்திக்க வேண்டும்.

எந்தத் தொகையின் மீது?

சதவீதம் யாவருக்கும் தெரியும். ஆனால் எந்தத் தொகையின் மீது அந்தச் சதவீதம் கணிக்கப்படுகிறது என்பதிலேயே பெரும்பாலான இழப்பு நிகழ்கிறது. அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே சேமலாப நிதி என்று நம்புவோர் பலர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி, விசேட வாழ்க்கைப்படி மற்றும் இவை போன்ற படிகள், விடுமுறை நாட்களுக்கான கொடுப்பனவு, தொழில்வழங்குநர் வழங்கும் உணவின் பணப் பெறுமதி ஆகியனவும் உழைப்பு வருமானத்தினுள் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவும் மிகையூதியமும் அடங்குவதில்லை.

60,000 ரூபா சம்பளத்தை 35,000 ரூபா அடிப்படை, 25,000 ரூபா விசேட படி எனப் பிரித்து, 35,000 ரூபாவுக்கு மட்டும் பங்களிப்புச் செய்தால் என்ன நிகழும்? தொழில்வழங்குநர் செலுத்த வேண்டிய 15 சதவீதத்தில் மாதம் 3,750 ரூபா குறைந்துவிடும். ஓர் ஆண்டில் அது 45,000 ரூபா. இருபது வருட சேவையில், அதற்குச் சேரக்கூடிய வட்டியையும் கூட்டிப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றக்கூடிய தொகை அது.

மலையகத்தின் அனுபவம் இதற்குச் சிறந்த சான்று. 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபா எனக் கூறப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. வருகைக்கு 60 ரூபா, உற்பத்தித் திறனுக்கு 140 ரூபா, விலைப் பங்காக 30 ரூபா என எஞ்சிய 230 ரூபாவும் கொடுப்பனவுகளாகப் பிரிக்கப்பட்டன. சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் 500 ரூபாவுக்கே கணிக்கப்பட்டன. 230 ரூபாவுக்குரிய தொழில்வழங்குநர் பங்கு நாளொன்றுக்கு 34 ரூபா 50 சதம். மாதத்தில் 25 நாட்கள் முழுத்தொகையும் பெற்ற தொழிலாளிக்கு 862 ரூபா 50 சதம் கணக்கில் சேராமற் போனது. அதேவேளை, 500 ரூபாவுக்குரிய தொழில்வழங்குநர் பங்கான 75 ரூபாவையும் கூட்டி, நாட்சம்பளம் 805 ரூபா எனப் பிரசாரம் செய்யப்பட்டதையும் மறப்பதற்கில்லை.

2019 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாவாக உயர்த்தி, வருகை, உற்பத்தித் திறன் கொடுப்பனவுகளை நீக்கியது. 2021 மார்ச் மாதம் சம்பள நிர்ணய சபையின் ஊடாக 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா வரவு செலவுத் திட்ட நிவாரணப் படியுமாக 1,000 ரூபா நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாகியது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் இதை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தபோது, அதில் 200 ரூபா அரசாங்கம் வழங்கும் வருகை ஊக்குவிப்புத் தொகை என்றே கூறப்பட்டது. சம்பள உயர்வு ஒன்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய முதல் வினா, மொத்தத் தொகை எவ்வளவு என்பதன்று; அதில் எவ்வளவுக்குச் சேமலாப நிதி உண்டு என்பதே.

வருமான வரி

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துடன் நடைமுறைக்கு வந்தது. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கும் முறை நீண்ட காலமாக ‘பேயீ’ வரி என வழங்கி வந்தது. 2020 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் முற்பணத் தனியாள் வருமான வரி என்ற புதிய முறை வந்தது. சுருக்கமாக ஏ.பி.ஐ.ரி. எனப்படும் இதில், ஊழியர் சம்மதித்தால் மட்டுமே கழிக்கலாம் என்று முதலில் இருந்தது. பொருளாதார நெருக்கடியின் பின்னர், 2023 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இக்கழிவு கட்டாயமாக்கப்பட்டது.

அண்மைக் கால மாற்றங்களின் வேகத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மாதம் 250,000 ரூபா சம்பளம் பெறும் அதிகாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2020 முதல் 2022 வரை மாதம் 250,000 ரூபா வரை விலக்கு இருந்தமையால் அவர் வரி எதுவும் செலுத்தவில்லை. 2023 இல் விலக்கு மாதம் 100,000 ரூபாவாகக் குறைக்கப்பட்டு, 6 சதவீதத்தில் ஆரம்பித்து 36 சதவீதம் வரை உயரும் வீதங்கள் விதிக்கப்பட்டபோது, அதே சம்பளத்துக்கு 21,000 ரூபா கழிக்கப்பட்டது. வைத்தியர்கள், விரிவுரையாளர்கள், வங்கி ஊழியர்கள் முதலானோர் வீதிக்கு இறங்கியமைக்கு இதுவே காரணம். 2025 ஏப்ரல் முதலாம் திகதி முதல் விலக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபாவாக, அதாவது மாதத்துக்கு 150,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கணிப்பு இவ்வாறு அமைகிறது. விலக்குக்கு மேலான முதல் 1,000,000 ரூபா வருடாந்த வருமானத்துக்கு 6 சதவீதம். அடுத்து வரும் ஒவ்வொரு 500,000 ரூபாவுக்கும் முறையே 18, 24, 30 சதவீதம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு 36 சதவீதம். மேற்கூறிய அதிகாரிக்கு இதனை மாத அடிப்படையில் பிரயோகித்தால், முதல் 150,000 ரூபாவுக்கு வரி இல்லை. அடுத்த 83,333 ரூபாவுக்கு 6 சதவீதமாக 5,000 ரூபா. எஞ்சிய 16,667 ரூபாவுக்கு 18 சதவீதமாக 3,000 ரூபா. மொத்தம் 8,000 ரூபா. சேமலாப நிதிக்கு 20,000 ரூபா கழிக்கப்படும். கைக்கு வருவது 222,000 ரூபா.

இங்கு இரண்டு விடயங்கள் கவனத்திற்குரியன. ஒரு படியைத் தாண்டியவுடன் முழுச் சம்பளத்துக்கும் உயர்ந்த வீதம் விழும் என்ற அச்சம் தவறானது. அந்தந்தப் படிக்குள் விழும் பகுதிக்கே அந்த வீதம். ஆகவே சம்பள உயர்வினால் கைக்கு வரும் தொகை குறைந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்து, தொழிலாளியின் 8 சதவீதப் பங்களிப்பைக் கழித்த பின் எஞ்சுவதற்கு வரி கணிக்கப்படுவதில்லை. கழிக்கப்படுவதற்கு முந்திய சம்பளத்துக்கே வரி விதிக்கப்படுகிறது.

இரண்டு இடங்களில் பணியாற்றுபவர், பிரதான தொழில் எது என்பதை அறிவிக்க வேண்டும். விலக்கு ஓரிடத்தில் மட்டுமே வழங்கப்படும். ஆண்டு மார்ச் 31 இல் முடிந்ததும், கழிக்கப்பட்ட வரிக்கான சான்றிதழைத் தொழில்வழங்குநரிடமிருந்து பெற்றுக்கொள்வது அவசியம். சம்பளத்துக்கு அப்பால் வாடகை, வட்டி, வியாபாரம் போன்ற வருமானங்கள் உள்ளவர்கள் நவம்பர் 30 ஆம் திகதிக்கு முன்னர் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கும்போது, ஏற்கனவே செலுத்திய வரியைக் காட்ட இச்சான்றிதழே ஆதாரமாகும்.

அனுப்பப்படாத பணம்

கழிக்கப்பட்ட சேமலாப நிதிப் பணம் அடுத்த மாதத்தின் இறுதி வேலை நாளுக்கு முன்னர் அனுப்பப்பட வேண்டும். தாமதித்தால் மிகைக்கட்டணம் அறவிடப்படும். பத்து நாட்கள் வரை 5 சதவீதம். அதற்கு மேல் ஒரு மாதம் வரை 15 சதவீதம். தாமதம் நீளநீள இது உயர்ந்து, ஓராண்டைக் கடந்தால் 50 சதவீதமாகிறது. இருந்தபோதிலும், சம்பளச் சீட்டில் கழிவைக் காட்டிவிட்டு நிதியத்துக்கு அனுப்பாதிருக்கும் தொழில்வழங்குநர்கள் பற்றிய முறைப்பாடுகள் ஓய்ந்தபாடில்லை. நட்டத்தில் இயங்கும் நிறுவனங்களுக்கு இது கைமாற்றுப் போலாகிவிடுகிறது. ஆனால் இந்தக் கைமாற்றுக்கு, பணத்துக்கு உரியவரின் சம்மதம் எவராலும் கேட்கப்படுவதில்லை.

முறைப்பாடு செய்ய வேண்டிய இடம் தொழில் திணைக்களம். நிதியத்தின் நிர்வாகம் தொழில் ஆணையாளர் நாயகத்திடமும், பணத்தின் பொறுப்பும் முதலீடும் இலங்கை மத்திய வங்கியிடமும் உள்ளன. அருகிலுள்ள தொழில் காரியாலயத்தில் எழுத்து மூலம் முறையிட்டால், அலுவலர்கள் பதிவேடுகளைப் பரிசோதிப்பர். நிலுவையைச் செலுத்தத் தவறுவோருக்கு எதிராக நீதிவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, அத்தொகையைத் தண்டப்பணம் போன்று அறவிட முடியும். தோட்டங்களில் சிலர் மத்திய வங்கியின் கீழுள்ள நிதியத்தில் அன்றி, அங்கீகரிக்கப்பட்ட தனிச் சேமலாப நிதியங்களில் அங்கத்தவராக உள்ளனர். தமது பணம் எந்த நிதியத்தில் உள்ளது என்பதை அவர்கள் கேட்டறிய வேண்டும்.

பெயரும் பின்னுரித்தாளியும்

பணம் ஒழுங்காகச் சேர்ந்திருந்தும் அதைப் பெற முடியாமல் அலைவோர் நம் சமூகங்களில் அதிகம். பெயர் வேறுபாடே இதற்குப் பிரதான காரணம். செக்ரோலில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் மற்றொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் முதலெழுத்தாகவும் வரும். முஸ்லிம் பெண்களின் பெயர்களோடு வரும் உம்மா, பீவி முதலியன ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றதில் விடுபட்டிருக்கும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வோர் இலிகிதரும் ஒவ்வொரு விதமாக எழுதிவிடுகிறார். அங்கத்துவ இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை வேலையில் இருக்கும்போதே சரிபார்த்துக்கொண்டால், திருத்தம் ஒரு படிவத்துடன் முடிந்துவிடும். நிறுவனம் மூடப்பட்ட பின்னரோ அங்கத்தவர் இறந்த பின்னரோ அதே திருத்தத்துக்குச் சத்தியக் கடதாசிகளும் சாட்சிகளும் தேவைப்படும்.

அவ்வாறே பின்னுரித்தாளியை நியமிப்பதும் முக்கியம். அங்கத்தவர் இறந்தால் பணம் அவர் பெயர் குறித்தவருக்கே வழங்கப்படும். இளம் வயதில் தாயின் பெயரைக் கொடுத்தவர் திருமணத்தின் பின் அதைப் புதுப்பிக்கத் தவறினால், மனைவியும் பிள்ளைகளும் இடர்ப்பட நேரும். மார்க்க முறைப்படி பங்கிட விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள், பணத்தைப் பெறுபவர் அதை உரியோருக்குப் பிரித்துக் கொடுக்கும் அமானிதத்தையும் ஏற்கிறார் என்பதை உயிருடன் இருக்கும்போதே தம்மிடையே தெளிவுபடுத்திக்கொள்வது நன்று.

பெறுவது எப்போது?

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் வேலையிலிருந்து விலகிச் சேமலாப நிதியைப் பெறலாம். நிரந்தர அங்கவீனம், நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறுதல், ஓய்வூதிய உரித்துள்ள அரச பணியில் சேர்தல், பெண்கள் திருமணத்தின் நிமித்தம் விலகுதல் ஆகிய காரணங்களுக்காக முன்னரே பெறவும் இடமுண்டு. பத்து வருடப் பங்களிப்பும் 300,000 ரூபா மீதியும் உள்ளவர்கள் வீட்டுத் தேவைக்கோ மருத்துவத் தேவைக்கோ 30 சதவீதம் வரை பெற 2015 முதல் வசதி செய்யப்பட்டுள்ளது. நம்பிக்கை நிதியை வேலையை விட்டு விலகும்போது வயதெல்லையின்றிப் பெறலாம். ஆயினும் ஐந்து வருடங்களுக்கு ஒரு தடவையே. பாரிய சத்திரசிகிச்சை, அங்கவீனம், மரணம் ஆகியவற்றுக்கும், பிள்ளைகளின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கும் அந்நிதியம் வழங்கும் உதவிகளைப் பலர் கேட்டுப் பெறுவதே இல்லை.

சேமலாப நிதி ஓய்வூதியம் அன்று என்பதையும் மறத்தலாகாது. ஒரே தடவையில் கிடைக்கும் தொகை, ஒரு கலியாணத்துடனோ ஒரு வீட்டுக் கூரையுடனோ முடிந்துவிடலாம். வேலையிழந்தோருக்கு மாதக் கொடுப்பனவு வழங்கும் காப்புறுதி முறைமையும் இந்நாட்டில் இல்லை. இத்தகைய நிலையில், உழைக்கும் ஒருவருக்கு முதுமையில் உள்ள பற்றுக்கோடு பெரும்பாலும் இந்த 20 சதவீதமும் 3 சதவீதமுமே. அது முழுச் சம்பளத்துக்கும் கணிக்கப்பட்டு, காலந்தாழ்த்தாது அனுப்பப்பட்டு, சரியான பெயரில் சேர வேண்டும்.

ஆகவே சம்பளச் சீட்டுகளை வீசிவிடாமல் ஆண்டுவாரியாகக் கோவைப்படுத்தி வைத்திருப்பது ஒவ்வொரு தொழிலாளியின் கடமையாகும். வருடத்தில் ஒரு தடவையாவது நிதியத்தின் கணக்குக் கூற்றைப் பெற்று, சீட்டில் உள்ள தொகைகளுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் படித்த பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாம். தொழிற்சங்கங்களும் வாலிபர் சங்கங்களும் சந்தா சேகரிக்கும் நாளில் இதற்கென ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கலாம். மூன்று மாதங்களில் கண்டுபிடிக்கப்படும் குறை திருத்தக்கூடியது. முப்பது வருடங்களின் பின் கண்டுபிடிக்கப்படும் குறைக்கு, நிறுவனமும் இருக்காது, பதிவேடும் இருக்காது, சில வேளைகளில் உரியவரும் இருக்கமாட்டார்.